சத்தமில்லாத வண்டி

அடைக்கலம் அத்தான் கார் வாங்கியது ஊர் சுற்றுவதற்காக இல்லை, சத்தத்திலிருந்து தப்பிப்பதற்காக. இதை அவரே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார். முப்பத்தோரு வருடம் திருவெறும்பூர்ப் பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் கிரைண்டிங் வேலை பார்த்தவர். பெரிய ஆலைகளுக்குக் குழாயும் சட்டமும் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி அது. காலை எட்டு மணிக்கு வெல்டிங் போட்ட இடத்தைத் தேய்க்கத் தொடங்கினால் சாயங்காலம் வரைக்கும் தகரக் கூரைக்குக் கீழே அந்தக் கிறீச்சல்தான். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்களாம், அதுவும் ஞாபகம் வந்தால்.

நான் அவருடைய மச்சினன் ஜெயக்குமார். அவர் மனைவி மயிலம்மாள் என் அக்கா. மன்னார்புரத்தில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இதில் யோக்கியன் யார் என்று கேட்டால் அத்தானைத்தான் காட்டுவேன். என்னைக் காட்டுவதற்கு எனக்கே மனசு வரவில்லை.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு பட்டறையில் ஒரு சம்பவம் நடந்தது. தலைக்கு மேலே கிரேனில் சட்டம் வருவது தெரியாமல் அத்தான் நடுவில் நின்றுவிட்டார். எல்லாரும் கத்தியிருக்கிறார்கள். கடைசியில் ஒருவன் ஓடிப்போய் இழுத்ததில் இரண்டு பேரும் தரையில் விழுந்து எழுந்தார்கள். சூப்பர்வைசர் அவரைவிட இருபது வயது சின்னவன். ஷிப்டில் இருந்த அத்தனை பேருக்கு முன்னாலும், "செவிடன வச்சுக்கிட்டு எவன் வேல வாங்குவான்" என்று கேட்டான். கேட்காத காதுக்கு அது மட்டும் கேட்டுத் தொலைத்தது. மறுநாளிலிருந்து அத்தானுக்கு வாசல் கேட்டில் உட்காரும் வேலை.

வீட்டுக்கு வந்தவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். அப்போதுதான் அக்கா ஒரு முடிவு எடுத்தாள். இனி இந்த வீட்டில் காது என்ற பேச்சே யாரும் எடுக்கக் கூடாது. அவரிடம் பேசுவதென்றால் முகத்துக்கு நேரே போய் உரக்கப் பேசினோம். டி.வி. அலறினால் பக்கத்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டோம். டாக்டரிடம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டும் அழைத்துப் போனோம். நாளடைவில் அவருக்குத் தன் காது சரியாகத்தான் இருக்கிறது என்றே தோன்றிவிட்டது. அப்படித் தோன்ற வைத்தவர்கள் நாங்கள்.

ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டில், மகள் ஆனந்தவள்ளியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வந்தார்கள். அக்காவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் பஸ் படி ஏற முடியாது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் இறங்க ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் சமயபுரம் போகிறவள், ஆறு மாதம் போகாமல் வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் அத்தான் கார் என்று ஆரம்பித்தார். சின்ன வண்டியாக வாங்கலாம், செலவு வைக்காது என்றேன். "அது கடகடன்னு கெடக்கும் மாப்ள. பட்டறைல கேட்ட சத்தம் போதும். கதவச் சாத்துனா கோயில் கருவறை மாதிரி இருக்கணும்" என்றார்.

அப்படித்தான் அந்த பிரீமியம் ஹேட்ச்பேக் வந்தது. கரூர் பைபாஸ் ரோட்டில் பழைய கார்களை நிறுத்தி விற்கிற ஓர் இடத்தில் பார்த்தோம். ஏழு வருடப் பழசு, வெள்ளை நிறம், மீட்டர் காட்டியது அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர். மீட்டரை நம்புகிறவன் என் தொழிலில் யாரும் இல்லை. புதிதில் பதினோரு லட்சத்துக்கு விற்ற வண்டி, நான்கு லட்சத்து எண்பதாயிரத்துக்குப் படிந்தது. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். கார் பழசாக ஆக அதன் விலை இறங்கும், ஆனால் அதன் பாகங்களின் விலை இறங்காது. ஐந்து லட்சத்துக்கு வாங்கிய வண்டிக்கு பதினோரு லட்சத்து வண்டியின் பாகத்தைத்தான் மாட்ட வேண்டும். யானையை வாங்குவது பெரிதில்லை, கட்டித் தீனி போட வேண்டுமே.

அத்தான் ஓட்டிப் பார்க்கும்போது நான் பின்சீட்டில் இருந்தேன். முதல் வேகத்தடையிலேயே இடது முன்சக்கரத்தில் 'டொக்' என்றது. அடியில் இருக்கிற லிங்க் ராட் போய்விட்டது. திருப்பும்போது ஒரு முனகல், அது லோயர் ஆர்மில் இருக்கிற ரப்பர் புஷ். அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விற்கிறவன் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தான். இருபதாயிரம் குறைக்கத் தயாராக இருந்தான் என்று இப்போதும் சத்தியம் செய்வேன்.

அத்தான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சிரித்த முகத்தோடு திரும்பினார். "பாத்தியா மாப்ள? கண்ணாடிய ஏத்துனா உலகமே இல்ல. ஒரு சத்தம் உண்டா? இதான்டா வண்டி."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அது என் தொழில். ஆனால் சொன்னால், "எங்க சத்தம்? எனக்குக் கேக்கலியே" என்பார். எனக்கும் கேட்கிறது, விற்கிறவனுக்கும் கேட்கிறது, உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். விற்கிறவன் நிம்மதியாகச் சாவியைக் கொடுத்தான்.

பத்தாம் நாள், உறவுக்காரர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டு நேராக கலீலிடம் போனேன். என் கடைக்குப் பின்சந்தில் ஷெட் போட்டிருப்பவர். ஷார்ஜாவில் பதினான்கு வருடம் இந்த மாதிரி வண்டிகளையே பிரித்துப் பிரித்துச் சேர்த்தவர். இரண்டு லிங்க் ராட், இரண்டு பக்கமும் புஷ், கூலி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம் ஆனது. நானே கொடுத்தேன். அத்தானிடம் மூச்சு விடவில்லை.

அதுவே வழக்கமாகிவிட்டது. நான்கு மாதம் கழித்து முன்பக்க ஸ்ட்ரட் மவுண்ட். அடுத்த வருடம் ஏ.சி. கம்ப்ரஸர் கத்த ஆரம்பித்தது. குளிர் நிற்பதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று பழுது பார்த்த கம்ப்ரஸர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பதினான்காயிரம். அதில் பாதி அக்காவின் சீட்டுப் பணம். ஒவ்வொரு தடவையும் நான் பத்திரிகை வைக்கத்தான் போனேன். "உனக்கு மட்டும் எங்கேருந்துடா இத்தன சொந்தம்?" என்று அத்தான் சிரிப்பார். சிரித்துவிட்டு, "எடுத்துட்டுப் போ. நம்ம வண்டிதான" என்று சாவியைத் தூக்கிப் போடுவார். அந்தச் சாவியைப் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அவமானமாக இருக்கும்.

அவரோ தெருவெல்லாம் பெருமை பேசினார். "ரெண்டு வருஷமாச்சு, ஆயில் மாத்துனதத் தவிர ஒத்த ரூவா செலவு வைக்கல. வாங்குனா இந்த மாதிரி வாங்கணும்." அவர் பேச்சைக் கேட்டு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதே மாதிரி வண்டிக்கு விலை கேட்கப் போய்விட்டார். அவரைத் தடுத்து நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்வார். "கார்ல ஏறுனா உங்க அக்கா வாயே தெறக்க மாட்டா மாப்ள. அவ்ளோ சுகம் அவளுக்கு." அக்கா வண்டியில் ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் பேசிக்கொண்டுதான் வருவாள். பின்சீட்டில் உட்கார்ந்து நானே கேட்டிருக்கிறேன். கடையில் வாங்க வேண்டியது, பேத்தியின் பரீட்சை, கொள்ளிடத்தில் தண்ணீர் வந்திருக்கிறது என்பது, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிக்கொண்டு வருவாள். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பார். பதில் வராததைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

இந்த ஆடி மாதம் வீல் பேரிங் போனது. இடது முன்சக்கரம். ஐம்பதில் போனால் வண்டு ரீங்காரம் போடுவது மாதிரி இருக்கும், எழுபதில் தரையோடு ஏரோப்ளேன் போவது மாதிரி இருக்கும். எந்த ஓட்டுநரும் காதால் கண்டுபிடிக்கிற பழுது இது. காது இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கின் அதிர்வு சொல்லும். ஆனால் முப்பத்தோரு வருடம் கிரைண்டர் பிடித்த கைக்கு அதிர்வு ஒரு செய்தியா?

புதன்கிழமை வழக்கம்போல் பத்திரிகை வைக்க எடுத்துப் போனேன். கலீல் வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அது ஆடியது. எழுந்து கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இத ஓட்டக் கூடாது. இது லிங்க் ராட் இல்ல, டொக்கு டொக்குன்னு சத்தம் போட்டுட்டு சும்மா இருக்க. சக்கரம் பூட்டிக்கும். உசுரோட வெளையாட்டு."

"பேரிங் என்கிட்ட இல்ல பாய். சக்கரம் மாட்டுற ஹப்போட சேந்து வருது. மெட்ராஸ்லேருந்து சனிக்கெழம வரும்."

"அப்ப வண்டி சனிக்கெழம வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். அவர்ட்ட சொல்லிருங்க. எத்தன நாளைக்கு இந்தக் கள்ளத்தனம்? நாளைக்கு அல்லாஹ்ட்ட நானும்ல பதில் சொல்லணும்?"

அவர் சொன்னதுதான் நியாயம். வண்டியை நிறுத்தினால் அத்தான் ஷெட்டுக்கு வருவார். வந்தால் கலீல் பொய் சொல்ல மாட்டார். அத்தானுக்குக் காது விஷயம் தெரிந்துவிடும், அத்தோடு வண்டி ஓட்டுவதும் போய்விடும், மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். சொல்லாவிட்டால் இரண்டு பேர் உயிரும் அந்த ஒரு சக்கரத்தில். இதில் எது பெரிது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் வண்டியை முப்பதுக்கு மேல் போகாமல் ஓட்டிக்கொண்டு போய் ஸ்ரீரங்கத்தில் நிறுத்திவிட்டு, அக்காவைச் சமையல்கட்டில் பிடித்தேன்.

"அக்கா, சனிக்கெழம வரைக்கும் வண்டில ஏறாத. வெள்ளிக்கெழம கேட்டாருன்னா முட்டி வலிக்குதுன்னு சொல்லிரு."

"சரிடா தம்பி. ஆடி வெள்ளி... பரவால்ல, ஆத்தா கோச்சுக்க மாட்டா" என்றாள்.

பெரிய காரியம் செய்த நினைப்பில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்காவின் போன் வந்தது. குசுகுசுவென்று பேசினாள். அவள் அப்படிப் பேச வேண்டிய அவசியமே இல்லை. "முட்டி வலிக்குதுன்னு சொன்னேன்டா. முட்டி வலிக்குதுன்னுதான காரே வாங்குனேன், ஏறுங்கிறாரு. என்ன செய்ய?"

"ஏறாதக்கா!"

"குளிச்சு, விபூதி பூசி, வண்டிக்கு எலுமிச்சம்பழம்லாம் வச்சுட்டு நிக்கிறாருடா. மெதுவா போகச் சொல்றேன்."

அத்தானுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. சட்டைப்பைக்குள் அடிக்கிற போன் அவருக்குக் கேட்டால்தானே! பைக்கை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தையும் கொள்ளிடப் பாலத்தையும் எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள் மஞ்சள் சேலையில் ரோட்டோரம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் வண்டி பாய்ந்திருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

நம்பர் ஒன் டோல்கேட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் கூட்டம் நின்றது. வெள்ளைக் கார் ரோட்டை விட்டு இறங்கி, மூக்கை ஒரு கருவேலம் புதரில் நுழைத்துக்கொண்டு நின்றது. இடது முன்சக்கரம் ஒடிந்த கால் மாதிரி சாய்ந்திருந்தது. ரப்பர் கருகிய நாற்றம். பின்னால் வந்த லாரிக்காரர் ஒடித்துத் திருப்பியதால் தப்பித்தார்கள் என்று ஒருவர் சொன்னார். அக்கா ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

அத்தானுக்கு ஒன்றும் இல்லை. கூடி நின்றவர்களிடம் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "ஒரு சத்தம் இல்லங்க. திடீர்னு, ஒரு சின்ன சத்தம்கூட இல்லாம..."

பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மாள் அவர் எதிரே வந்து நின்றார். "என்னங்க இப்படிச் சொல்றீங்க? நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒங்க வண்டிச் சத்தம்ல வந்துச்சு? பஸ்ஸு வருதுன்னு நாங்க எந்திரிச்சோம்."

அத்தான் அவர் உதட்டையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மீட்பு வண்டிக்குப் போன் பண்ணுகிற சாக்கில் தள்ளிப் போனேன்.

அக்காவின் நெற்றியை வழியில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டுக்குப் போகலாம் என்றதற்கு அத்தான் கேட்கவில்லை. வண்டி போகிற இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று நின்றார். மூன்று பேரும் ஆட்டோவில் மன்னார்புரம் வந்தோம்.

கலீல் அதற்குள் சக்கரத்தைக் கழற்றியிருந்தார். வெடித்த பேரிங், சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்த ஹப், மழுங்கிப்போன டிரைவ் ஷாஃப்ட், அறுந்த சென்சார் ஒயர் என்று ஒவ்வொன்றாகச் சாக்கின் மேல் எடுத்து வைத்தார். புதன்கிழமையே வண்டியை நிறுத்தியிருந்தால் ஒன்பதாயிரத்தில் முடிந்திருக்கும். இப்போது ஐம்பத்தைந்தாயிரத்துக்குக் குறையாது. அத்தான் குந்தி உட்கார்ந்து ஹப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரும்பு அவருக்குப் புதிதில்லை.

"இது ஒரு நாள்ல தேஞ்சது இல்ல பாய்" என்றார். "எத்தன நாளா இருக்கு?"

கலீல் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேரிங் ஒரு மாசமா போயிட்டு இருந்துருக்கும்" என்று அவர் முகத்துக்கு நேரே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார் கலீல். "அதுக்கு முன்னாடி கம்ப்ரஸரு, மவுண்ட்டு, லிங்க் ராட்டு, புஷ்ஷு. எல்லாம் நான்தான் மாத்துனேன். மன்னிச்சுருங்க."

அத்தான் எழுந்தார். என்னிடம் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பத்திரிகயாடா வச்ச, பத்திரிக" என்றார். குரல் உயரவில்லை. "எங்காது போனத மறைச்சுட்டீங்க. சரி. அவ உசுரு போயிருந்தா அத எங்கடா மறைச்சுருப்பீங்க?"



அவர் அக்காவிடம் திரும்பினார். அவள் நெற்றியில் ஈரத்துணியைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஏன் சொல்லல?"

அக்கா துணியைக் கீழே இறக்கினாள். "சொன்னேங்க. டோல்கேட் தாண்டினதும் நிறுத்துங்கன்னு சொன்னேன். அப்புறம் கத்துனேன். மூணு தடவ கத்துனேன். நீங்க ரோட்டப் பாத்துக்கிட்டு சிரிச்ச மொகமா ஓட்டிக்கிட்டு இருந்தீங்க."

ஷெட்டில் காற்றடிக்கிற மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அவருக்கு இல்லை.

"வேற என்னல்லாம் சொன்ன?" என்றார். "இந்த ரெண்டு வருஷத்துல?"

அக்கா பதில் சொல்லப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. அவர் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கார் சாவியை எடுத்து கலீலின் மேஜையில் வைத்தார். "அவள வீட்ல விட்டுரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சந்து வழியாக மெயின் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"அத்தான்!" என்று கூப்பிட்டேன். கலீலும் கூப்பிட்டார். ஒரு மினி லாரி அவருக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. அவர் சந்தின் நடுவிலேயே நடந்துகொண்டிருந்தார்.

அக்கா கூப்பிடவில்லை. ஸ்டூலைப் பிடித்து எழுந்தாள். தேய்ந்த முட்டியை இழுத்துக்கொண்டு, லாரியைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அவளால் அவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று எனக்குத் தெரியாது, அவரைத் தாண்டிப் போய் எதிரே நின்றாள். அவர் நின்றதும் பேச ஆரம்பித்தாள்.